‘ஆட்சேபனை ஏதும் வரப்பெறவில்லை!’



மூன்றே மூன்று சொற்கள். அவற்றை எழுதி முடிக்க ஓர் அலுவலக எழுத்தருக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அந்த மூன்று சொற்கள் ஓர் ஏரியைத் தூர்த்துவிடும். நூறு குடும்பங்களின் கூரையைப் பிரித்துவிடும். முப்போகம் விளைந்த கழனியின் நடுவே புகைபோக்கியை நட்டுவிடும். பிள்ளைகள் ஓடி விளையாடிய திடலைக் கம்பிவேலிக்குள் கொண்டுபோய்விடும். கோப்பின் கடைசிப் பக்கத்தில், கையொப்பத்துக்குச் சற்று மேலே, அமைதியாக, அடக்கமாக, ஆரவாரமின்றி அவை அமர்ந்திருக்கும்: ‘ஆட்சேபனை ஏதும் வரப்பெறவில்லை.’

இதனை எழுதியவர் எழுத்தர். எழுத வைத்தவர் யார்? நிலத்தரகரா? ஆலை முதலாளியா? அதிகாரியா? அவர்கள் பங்கு இல்லாமலில்லை. அதனைப் பின்னர்ப் பார்ப்போம். முதற்பங்கு யாருடையது? கசப்பாயிருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம்முடையது! படித்திருக்க வேண்டிய அறிவிப்பைப் படியாதிருந்த நாம், எழுதியிருக்க வேண்டிய மனுவை எழுதாதிருந்த நாம், சென்றிருக்க வேண்டிய கூட்டத்துக்குச் செல்லாதிருந்த நாம்! அந்தச் சொற்கள் எழுதப்பட்ட மை, நம்முடைய மௌனம்!

இரண்டு காட்சிகள்

காட்சி ஒன்று. ஊரின் பெயர் வேண்டா. நம் மாநிலத்தின் எந்த ஊராகவும் அது இருக்கலாம். விடியற்காலை. இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. காவலர் அணிவகுத்து நிற்கின்றனர். தாய்மார் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு கதறுகின்றனர். செய்தி கேட்டதும் நம் தோழர்கள் பறந்து வருகின்றனர். கொடி வருகிறது, முழக்கம் எழுகிறது, மறியல் நடக்கிறது, கைது நடக்கிறது. திருமண மண்டபத்தில் அடைத்துவைத்து, மாலையில் விடுவிக்கின்றனர். மறுநாள் ஏட்டில் படம் வருகிறது. எல்லாம் நடக்கிறது. ஆனால், இடிந்த வீடுகள் இடிந்தவையாகவே கிடக்கின்றன.

காட்சி இரண்டு. அதே ஊர்தான், ஆனால் ஓராண்டுக்கு முன்பு. வேலைநாள். முற்பகல் பதினொரு மணி. நீண்ட மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் மூவர். எதிரே ஐம்பது நாற்காலிகள். அவற்றில் நாற்பத்தைந்து காலி! மற்ற ஐந்தில் இருந்தவர்கள் யார், யார்? திட்டத்தைத் தீட்டிக் கொடுத்த நிறுவனத்தின் ஆள் ஒருவர். நிலத்தை வளைத்துப்போட்ட தரகர் ஒருவர். அவருடைய வழக்கறிஞர் ஒருவர். அவருடைய கணக்கர் ஒருவர். வெயிலுக்கு ஒதுங்கி மின்விசிறிக் காற்றை நாடி வந்த முதியவர் ஒருவர். “எவருக்கேனும் மறுப்பு உண்டா?” என்று கேட்கிறார் அதிகாரி. முதியவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். கூட்டம் இனிதே முடிகிறது.

முதற்காட்சியில் ஐந்நூறு பேர் இருந்தோம். இரண்டாவது காட்சியில் ஒருவரேனும் இருந்தோமா? முதற்காட்சியில் சிந்திய வியர்வையில் நூற்றில் ஒரு பங்கை இரண்டாவது காட்சியில் சிந்தியிருந்தால், முதற்காட்சியே நடந்திராது அல்லவா? வீரம் நமக்குக் குறையவில்லை, தோழர்களே. குறைவது வேளை அறிதல்!

கோடு போடுவது புதிதா?

‘நில உபயோகம்’, ‘மண்டலம்’, ‘முழுமைத் திட்டம்’ என்ற சொற்களைக் கேட்டதும் நம்மவர்க்குக் கொட்டாவி வருகிறது. “இது பொறியாளர் சமாசாரம், நமக்கு எதற்கு?” என்று நகர்ந்துவிடுகின்றனர். நகரலாமா?

சென்னைப் பெருநகருக்கு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். குடியிருப்புக்கு ஒரு வண்ணம், வணிகத்துக்கு ஒரு வண்ணம், தொழிலுக்கு ஒரு வண்ணம், வேளாண்மைக்கு ஒரு வண்ணம். அபாயகரமான தொழில்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி! பார்ப்பதற்குப் பிள்ளைகள் தீட்டிய படம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வண்ணம் ஒவ்வொன்றும் பணம். வேளாண்மை வண்ணத்தில் இருந்தவரை ஏக்கர்க் கணக்கில் விலை பேசப்பட்ட நிலம், வண்ணம் மாறிய மறுநாள் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. உழுதவனிடம் ஏக்கர்க் கணக்கில் வாங்கியவன் எவனோ, அவனுக்கு வண்ணம் மாறப்போகும் செய்தி முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. உழுதவனுக்குத் தெரியவில்லை. வறுமைக்கும் வளமைக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடுகிற கைக்குப் பெயர்தான் நகரமைப்பு!

கோடு போட்டு மனிதரைப் பிரிப்பது நமக்குப் புதிதா? ஊர் என்று ஒரு கோடு; சேரி என்று ஒரு கோடு. காற்று எங்கிருந்து வீசும், கழிவு எங்கே போய்த் தேங்கும், வெள்ளம் முதலில் எந்தக் குடிசையில் புகும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட கோடு! எந்த அரசிதழிலும் வெளிவராமல், எவர் மறுப்பையும் கேளாமல், பன்னூறு ஆண்டுகள் நடைமுறையில் இருந்த முழுமைத் திட்டம் அது. அந்தக் கோட்டை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பிள்ளைகள், புதிய கோட்டின் முன்னால் கொட்டாவி விடலாமா?

கடல் கடந்தும் கதை இதுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1910-இல் ஒரு சட்டம் இயற்றியது: வெள்ளையர் மிகுதியாக வாழும் தெருவில் கறுப்பர் குடியேறக்கூடாது, கறுப்பர் மிகுதியாக வாழும் தெருவில் வெள்ளையர் குடியேறக்கூடாது. வேறு நகரங்களும் இதனைப் பின்பற்றின. அவற்றுள் ஒன்றான லூயிவில் நகரத்தின் சட்டம் செல்லாதென்று 1917-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோலின் நிறத்தைச் சொல்லிக் கோடு போட முடியாமற் போயிற்று. கோடு போடுவது நின்றதா? இல்லை! 1926-இல் யூக்ளிட் என்னும் சிற்றூர் பற்றிய வழக்கில், நிலத்தின் பயன்பாட்டைச் சொல்லிக் கோடு போடலாம் என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தனிவீட்டுப் பகுதியில் எழும்பும் அடுக்குக் குடியிருப்பை ‘ஒட்டுண்ணி’ என்றே அந்தத் தீர்ப்பு வருணித்தது. வாடகைக்கு இருக்கும் ஏழை வெளியே. சொந்த வீட்டுச் செல்வர் உள்ளே! சாதியைச் சொல்லாமலே சாதி காப்பது எப்படி, நிறத்தைச் சொல்லாமலே நிறம் காப்பது எப்படி என்பதை வரைபடங்கள் நன்கு அறியும்.

நம் தலைநகரின் வரலாற்றையும் மறைக்காமல் சொல்வோம். சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது 1920-இல். அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நாம் போற்றும் பெரியவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய நகர்தான். அதற்காக உண்மையை விழுங்கிவிடலாமா? நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்று பெயர்ப்பலகை நிற்கிறது. லேக்கு எங்கே? பெயரில் மட்டும்! 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கி நின்றபோது, “தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது” என்றார்கள். தண்ணீர் நம் வீட்டுக்குள் வரவில்லை, தோழர்களே. தண்ணீரின் வீட்டுக்குள் நாம் போயிருந்தோம்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் கதையும் அதுவே. குப்பைமேடு ஒருபுறம், சாலை ஒருபுறம், கட்டடங்கள் ஒருபுறம் என்று அதனை நெருக்கி நெருக்கி ஒரு மூலைக்குத் தள்ளினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மிதந்தபோதுதான் பலருக்கு அதன் பெயரே தெரிந்தது. 2022-இல் அது உலகு போற்றும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால், அது துண்டு துண்டாகக் கைமாறிய நாள்களில், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோப்பு இருந்திருக்குமே! ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கடைசிப் பக்கம் இருந்திருக்குமே!

சட்டம் திறந்துவைத்த கதவு

“எங்களை யார் கேட்டார்கள்?” என்று கேட்கிறீர்களா? கேட்டார்கள், நமக்குத்தான் காதில் விழவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. ஒரு நகருக்கு முழுமைத் திட்டம் தீட்டினால், அதனை அரசிதழிலும் அந்த வட்டாரத்தில் பரவலாக வெளிவரும் நாளேடுகளிலும் அறிவிக்க வேண்டும். மறுப்பையும் யோசனையையும் எழுத்தில் தருவதற்கு இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் தரவேண்டும். அதற்குப் பின்னர், ‘எம்மை நேரில் கேட்க வேண்டும்’ என்று எவர் கோரினாரோ அவரைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். கவனியுங்கள்: கோரியவரைக் கேட்க வேண்டும்! எழுதிக் கோராதவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அந்தச் சட்டத்தின் காதில் அது ஏறாது.

2006 செப்டம்பரில் மைய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பெரும் தொழில், சுரங்கம், துறைமுகம் போன்றவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்ட இடத்திலோ அதற்கு அருகிலோ நடக்கவேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய சார்பாளரோ தலைமை தாங்கவேண்டும். நடந்தது முழுவதையும் படம்பிடிக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தரவேண்டும். நடவடிக்கைக் குறிப்பை முடிவில் மக்கள் மொழியில் படித்து விளக்கவேண்டும். நல்ல விதிகள்! ஆனால் அதே அறிவிக்கையில் இன்னொரு விதியும் உண்டு: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரம்பு கிடையாது. ஒருவரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு!

கிராம சபையோ நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணையைப் புரட்டினால், நகராட்சிகளின் அலுவல்களாக முதல் வரியில் நகரமைப்பும், இரண்டாவது வரியில் நிலப் பயன்பாடும் கட்டட ஒழுங்கும் இருக்கின்றன. 1993 முதல் அந்த இரண்டு வரிகள் அங்கே இருக்கின்றன. நாம் வாக்குக் கேட்டு வெற்றிபெற்ற நகரமன்றங்களில், அந்த இரண்டு வரிகளைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

ஒளித்துவைக்கும் கலை

கதவு திறந்திருக்கிறது, ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள்! இதில்தான் அதிகாரவர்க்கம் கைதேர்ந்தது.

அறிவிப்பு நாளேட்டில் வரும். எங்கே வரும்? ‘காணவில்லை’ விளம்பரத்துக்கும் ஏல விளம்பரத்துக்கும் நடுவே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் வரும். என்ன சொல்லும்? ‘மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் வெளி’ என்று சொல்லாது. சர்வே எண் இத்தனை, உட்பிரிவு இத்தனை, பரப்பு இத்தனை ஹெக்டேர் என்று சொல்லும். அந்த மேய்ச்சல் வெளியில் ஐம்பது ஆண்டு ஆடு மேய்த்தவர், அதே வெளியைப் பற்றிய அந்த அறிவிப்பில் பொட்டலம் கட்டிய கடலையைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கி எறிவார். தம் நிலத்தையே கசக்கி எறிந்தது அவருக்குத் தெரியாது!

கூட்டம் நடக்கும். எப்போது? கூலிக்காரர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். தரகருக்கு அன்று வருமானம். தொழிலாளிக்கு அன்று வருமான இழப்பு. விடுமுறை நாளில், மாலை வேளையில் ஏன் நடத்தக்கூடாது? இந்தக் கேள்வியை நாம் கேட்டதில்லை. கேளாததை எவர் தருவார்?

மொழியின் பெயரால் நடந்த சூழ்ச்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020-இல் மைய அரசு அந்தச் சுற்றுச்சூழல் அறிவிக்கையை மாற்றியமைக்கப் புதிய வரைவை வெளியிட்டது. கருத்துச் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டது. எந்த மொழியில்? ஆங்கிலத்தில், இந்தியில்! எண்ணூர் மீனவரும், காவிரிப் படுகை உழவரும், நீலகிரிப் பழங்குடியினரும் இந்த இரண்டு மொழிகளில் ஒன்றைக் கற்றுத் தேர்ந்துவிட்டுத்தான் தம் ஆற்றைப் பற்றியும் காட்டைப் பற்றியும் கருத்துச் சொல்லவேண்டுமாம்! அந்த வரைவின் உள்ளே என்ன இருந்தது? கருத்துக் கேட்புக்கான முன்னறிவிப்பு முப்பது நாளிலிருந்து இருபது நாளாகக் குறைந்திருந்தது. எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவை வெளியிடுக என்று தில்லி உயர்நீதிமன்றம் 2020 சூன் 30 அன்று ஆணையிட்டது. மைய அரசு மகிழ்ந்து வெளியிட்டதா? இல்லை; உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது! மொழிப்போர் பள்ளிக்கூடத்திலும் அஞ்சலகத்திலும் மட்டும் நடப்பதன்று, தோழர்களே. நம் மண்ணைப் பற்றிய அறிவிப்பு எந்த மொழியில் வருகிறது என்பதிலும் நடப்பது அது.

ஒளிப்பதில் உச்சம் எண்ணூரில் நடந்தது. 1996-இல் மைய அரசு இசைவளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது. பின்னர் அலுவலகங்களில் புழங்கிய வேறொரு வரைபடத்திலோ அந்தக் கழிமுகமே காணவில்லை! ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. இறால் அங்கேயே பிடிபட்டுக்கொண்டிருந்தது. தாளில் மட்டும் ஆறு வற்றிவிட்டது. இந்த மாயத்தை வெளிக்கொணர்ந்தது எது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் போட்ட மனுக்கள். கூட்டம் கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை, கேட்டுக் கண்டுபிடித்தார்கள், இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

‘எல்லாம் கண்துடைப்பு’ என்போர்க்கு

நம் தோழர்களில் சிலர் இதனைக் கேட்டுச் சிரிப்பார்கள். “முடிவு முன்பே எடுத்தாயிற்று, கூட்டம் வெறும் கண்துடைப்பு. அங்கே போய் நாமும் ஒரு நாற்காலியை நிரப்பி, அந்த நாடகத்துக்கு நடிகராவதா?” என்பார்கள். வலுவான வாதம், பாதி உண்மையும் கூட. எத்தனையோ கூட்டங்கள் நாடகங்களாகவே நடக்கின்றன. ஏகனாபுரத்து மக்கள் பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக 2022 முதல் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். அதனால் மட்டும் அந்தத் திட்டம் நின்றுவிடவில்லை. மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ‘அந்த ஊர் மக்கள் இசைந்தார்கள்’ என்று எந்தக் கோப்பிலாவது இனி எவராவது எழுத முடியுமா? பொய் சொல்ல வழியில்லாமல் செய்தார்களே, அது சிறிய வெற்றியா?

நாடகத்தை நாடகம் என்று காட்டுவதற்கும் அரங்கத்துக்குள் போயாக வேண்டும். நியூயார்க் நகரத்துச் செய்தி ஒன்றைக் கேளுங்கள். ராபர்ட் மோசஸ் என்னும் பேரதிகாரி, நகரின் கீழ்ப்பகுதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு விரைவுச்சாலை போடத் திட்டமிட்டார். பல்லாயிரவரின் வீடும் பிழைப்பும் அதில் அழியும். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையாரும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தனர். பட்டம் பெற்ற நகரமைப்பு வல்லுநர் அல்லர் அந்த அம்மையார். ஆனால் தம் தெருவை அறிந்தவர். நகர மன்றக் குழுவின் கேட்புகளுக்கு ஓயாமல் சென்று, 1962-இல் ஒருமுறை அந்தத் திட்டத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தனர். அது மீண்டும் தலைதூக்கியது. 1968 ஏப்ரல் 10 அன்று மீண்டும் ஒரு கேட்புக் கூட்டம். அங்கே ஒலிவாங்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது தெரியுமா? மக்களை நோக்கி! பேசுவோர் அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டி, தம் மக்களிடமே பேசவேண்டும்! அம்மையார் மேடைமீது ஏறி, அதிகாரிகளின் முன்னே நடந்தார், மக்கள் பின்தொடர்ந்தனர், சுருக்கெழுத்துப் பொறியின் தாள்சுருள் சிதறிற்று, அம்மையார் கைது செய்யப்பட்டார். 1969-இல் அந்த விரைவுச்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது.

சுருளைச் சிதறடியுங்கள் என்று சொல்வதற்காக இதனை நான் கூறவில்லை. நம் ஊரில் அமளி என்றால் அதிகாரிக்குக் கொண்டாட்டம். ‘கூச்சலால் கூட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நான் சொல்வது வேறு. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சென்று, ஒவ்வொரு கணக்கையும் படித்து, ஒவ்வொரு பொய்யையும் பதிவில் மறுத்திருந்த காரணத்தால்தான், அந்த ஒருநாள் சினத்துக்கு மதிப்பு இருந்தது. கொட்டாவி விட்டவன் கொதித்தெழுந்தால் எவரும் அஞ்சமாட்டார்; கணக்குப் பார்த்தவன் கொதித்தெழுந்தால்தான் அஞ்சுவர்.

கேட்பு வெறும் கண்துடைப்பு என்றால், அதனைத் தவிர்க்க அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபடுகின்றனர்? தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். செப்பு உருக்காலையின் விரிவாக்கத்துக்கு 2009 சனவரியில் சுற்றுச்சூழல் இசைவு கிடைத்தது. மக்கள் கருத்துக் கேட்பு நடக்கவில்லை. தொழிற்பேட்டைக்குள் அமைவதால் கேட்கத் தேவையில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2018 மே 22 அன்று, ஊர்வலம் சென்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு. பதின்மூன்று உயிர்கள் பலி! மறுநாள், மே 23 அன்று, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, நான்கு மாதத்துக்குள் மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்திருக்க வேண்டிய ஒரு கூட்டம்! ஒரு பந்தல், ஐந்நூறு நாற்காலி, ஓர் ஒலிவாங்கி. அதற்குச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்? அது நடவாததற்கு நாம் தந்த விலை எவ்வளவு? இதனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ‘கேட்புக் கூட்டத்தால் என்ன ஆகப்போகிறது’ என்று இனி எவரும் கேளாதிருப்பாராக.

நம் வீட்டுக் குப்பை

பிறரைச் சாடியது போதும். சற்றே நம் வீட்டையும் பெருக்குவோம். நம் சின்னத்தில் நின்று, நம் வியர்வையில் வென்று, மன்றத்துக்குச் சென்ற உறுப்பினர்களில் எத்தனை பேர், வாக்கெடுப்புக்கு முன்பு அந்த வரைபடத்தை வட்டத்து மக்களிடம் காட்டுகின்றனர்? நிகழ்ச்சி நிரலில் நாற்பதாவது பொருளாக நில உபயோக மாற்றம் வருகிறது. ‘ஏற்கலாம்’ என்று நூறு கைகள் உயர்கின்றன. அந்த நூறு கைகளில் நம் தோழரின் கையும் ஒன்று! மாலையில் அதே தோழர் மேடையேறி நில முதலைகளைச் சாடுகிறார். இந்த இரட்டை வாழ்வை எவ்வளவு நாள் பொறுப்பது? மக்களைக் கேளாமல் கை தூக்கும் உறுப்பினர், எந்தக் கட்சிக்காரராயினும், தரகரின் உறுப்பினரே. நம் கட்சிக்காரர் என்பதால் அந்தக் குற்றம் பாதியாகாது, இரட்டிப்பாகும்.

கிளைகள் செய்ய வேண்டியது

நம் இயக்கம் வளர்ந்தது எங்கே? படிப்பகத்தில், முடிதிருத்தும் நிலையத்தில், தேநீர்க்கடை விசுப்பலகையில். எழுத்தறியாத தோழர் சூழ்ந்து நிற்க, எழுத்தறிந்த தோழர் ஒருவர் ஏட்டை உரக்கப் படித்தார், ஊர் விழித்தது. அந்தப் பழக்கத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். தலையங்கத்தைப் படித்தது போதாது. அறிவிப்புப் பக்கத்தையும் படியுங்கள்!

ஒவ்வொரு கிளையும் ஒரு தோழரை இதற்கெனப் பொறுப்பாக்குக. ஊராட்சி, நகராட்சி, வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளை வாரம் ஒருமுறை அவர் பார்த்து வரட்டும். நாளேடுகளின் சிற்றெழுத்து விளம்பரங்களைக் கத்தரித்து ஒரு குறிப்பேட்டில் ஒட்டட்டும். அரசிதழையும், நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் இணையதளங்களையும் இளைஞர் ஒருவர் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லட்டும்.

படிப்பகச் சுவரில், தலைவர் படங்களுக்கு நடுவே, கிராம வரைபடம் ஒன்று தொங்கட்டும். சர்வே எண்ணுக்கு நேரே ஊரார் வழங்கும் பெயரை எழுதுங்கள்: இது கண்மாய், இது வண்டிப்பாதை, இது இடுகாட்டுக்குப் போகும் வழி. எண்ணைப் பெயராக மாற்றுவதே முதற்போர். அந்த எண் எதுவென்று தெரிந்த மறுகணம் ஊர் தானாக எழும்.

மறுப்பை எழுத்தில் தாருங்கள். ‘மக்கள் விரோதத் திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் அது மேடைக்கு அழகு, கோப்புக்குப் பயனில்லை. இந்த எண்ணில் வாய்க்கால் இருக்கிறது. இத்தனை ஏக்கர் அதனால் பாய்கிறது. மழைநாளில் நீர் இந்த வழியே வடிகிறது. இத்தனை வீடுகள் இங்கே உள்ளன என்று எழுதுங்கள். உழவர் பெரியவர் வாயால் சொல்லட்டும். பள்ளி மாணவர் கையால் எழுதட்டும். முடிவில், ‘எம்மை நேரில் கேட்க வேண்டும்’ என்ற வரியை ஒருபோதும் மறவாதீர்கள். ஒப்புகை பெறுங்கள், தராவிட்டால் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். படி ஒன்றைக் கிளையில் வைத்துக்கொள்ளுங்கள். திட்ட ஆவணம் கிடைக்கவில்லையா? பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு ஒன்று போடுங்கள். ஆனால் விடைக்கு முப்பது நாள் ஆகும். ஆகவே முதல் வாரத்திலேயே போடுங்கள்.

கூட்டத்துக்குச் செல்லுங்கள், முன்வரிசையில் அமருங்கள், பெண்களை முன்னிறுத்துங்கள், குடிநீருக்கு நடப்பவர்கள் அவர்களே. பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, செய்தியைச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதையே ஒன்பது பேர் சொல்லாமல், ஒன்பது பேர் ஒன்பது செய்தி சொல்லுங்கள். நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டும்வரை கலையாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து நின்று கேளுங்கள். கூலியை இழந்து வரும் தோழருக்குக் கிளை அன்றைய கூலியைத் தரட்டும்; சுவரொட்டிக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு போதும்.

இதுவே ஏற்ற வேளை. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் எல்லை ஆண்டு 2026. அடுத்து 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பரப்பு, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. இதுவரை தம்மை உழவர் என்று எண்ணியிருந்த எத்தனையோ ஊரார், தாம் அறியாமலே ஒரு பெருநகரின் வரைபடத்துக்குள் வந்துவிட்டனர். அவர்களின் ஏரிக்கும் கழனிக்கும் இனி ஒரு வண்ணம் உண்டு. இருபது ஆண்டு நிலைக்கப்போகும் வண்ணம்! இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை வாக்களிக்கும் வயதை அடைந்த பின்பும் அந்த வண்ணமே அதன் தெருவை ஆளும்.

ஆகவே, தோழர்களே, மாநாட்டுக்கு வாருங்கள், மறுக்கவில்லை. ஊர்வலத்துக்கு வாருங்கள், வேண்டியதுதான். ஆனால் மாலையும் முரசும் இல்லாத, கைதட்டல் இல்லாத, ஏட்டில் படம் வராத அந்தக் கூட்டத்துக்கும் வாருங்கள். காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலி உங்களுக்காகப் போடப்பட்டது. நீங்கள் அமராவிட்டால் அது காலியாக இருந்துவிடாது. உங்கள் பெயரால் வேறொருவர் அதில் அமர்ந்துகொள்வார்.

அடுத்த முறை அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்துக்கு வரும் எழுத்தர், வழக்கமான மூன்று சொற்களை எழுதப் பேனாவை எடுக்கட்டும். எடுத்த பேனா நிற்கட்டும். ‘ஆட்சேபனைகள் வரப்பெற்றன, எண்ணிக்கை...’ என்று தொடங்கி, எண்ணிக்கையை எழுதுமுன் அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கட்டும். எண்ணி முடிக்க அவருக்கு அன்று மாலை ஆகட்டும்!